இரவுப் பணியாள் சாவியை நீட்டியபடி சொன்னது

நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை.
படத்தில் பார்த்த பால்கனி பக்கத்துக் கட்டடத்தினுடையது.
ஏமாற்றத்தை இங்கேயே இறக்கிவைத்துவிட்டால்
ஏறுவது கொஞ்சம் சுலபம்.

என் பெயர் ஒடீலியா.
இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை
இந்த மேசைக்குப் பின்னால் இருப்பேன்.
லிஸ்பனுக்கு முதல் தடவைதானே?
கேட்க வேண்டியதில்லை, பெட்டியின் சக்கரமே சொல்லிவிட்டது.
எங்கள் தெருக்கற்களில் எந்தச் சக்கரம் எத்தனை நாள் தாங்கும் என்று
சத்தத்தை வைத்தே சொல்வேன்.

வெள்ளைக் கல், அலை அலையாய், படமெடுக்க நன்றாக இருக்கும்.
மழை தொட்டால் சோப்பு.
போன மாதம் வார்சாவிலிருந்து வந்த பையன்
புத்தம்புது ஷூவோடு கிளம்பினான்.
எக்ஸ்ரேவோடு திரும்பினான்.
தேய்ந்த ஷூவும் வேண்டாம், புது ஷூவும் வேண்டாம்,
உங்கள் காலை அறிந்த ஷூ போதும்.

இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் எல்லோரும் ஏறுவார்கள்,
உங்கள் பர்ஸைத் தேடுகிறவரும்.
அவர் உங்களைவிட நன்றாக உடுத்தியிருப்பார்,
கையில் வரைபடம்கூட வைத்திருப்பார்.
விடிகிற நேரத்தில் ஏறுங்கள். அப்போது அதில்
வேலைக்குப் போகிறவர்களின் தூக்கம் மட்டும்தான் இருக்கும்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி வரும்,
ஆலிவ் வரும், விரல்நீளத்துக்குச் சீஸ் வரும்.
உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டால் கணக்கு.
வேண்டாம் என்று ஓரமாய்த் தள்ளினால் யாரும் முறைக்க மாட்டார்கள்.
மாதக் கடைசியில் நாங்களும் தள்ளுகிறவர்கள்தான்.

படம் போட்ட மெனுவா, நிற்காமல் நடங்கள்.
கதவில் ஒட்டிய காகிதத்தில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்து
ஒரு சொல்லும் புரியவில்லையா,
உள்ளே போய்விடுங்கள்.

பணம் எடுக்கும் இயந்திரம் மிகவும் அன்பாகக் கேட்கும்:
உங்கள் நாட்டுக் கணக்கில் மாற்றித் தரட்டுமா?
வேண்டாம் என்று அழுத்துங்கள்.
பிறகு கீழ்த்தெருவில் ஒருவன் காதோரம் வந்து
போதைச் சரக்கு என்பான்.
சத்தியமாகச் சொல்கிறேன், அது பிரிஞ்சி இலை.

இரண்டு யூரோ மிச்சம் பிடிக்க
பகல் முழுக்க மேடேறி நடந்துவிட்டு
இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுத பெண் உண்டு.
சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில்
ஒரு சின்னக் காபி இருக்கிறது.
அதைக் குடித்துவிடுங்கள். நின்றபடி.

கோட்டையின் வரிசை நீளமாக இருந்தால்
விட்டுவிட்டுப் படகேறுங்கள், சில்லறைக் காசுதான்.
அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால்
மொத்த ஊரும் தெரியும்,
கோட்டையும் சேர்த்து.

அந்தப் படகில்தான் நான் வேலைக்கு வருகிறேன்.
முன்பெல்லாம் நடந்தே வந்துவிடலாம்,
அடுத்த சந்துதான் வீடு. வாடகை ஏறியது,
நாங்கள் இறங்கினோம்.
உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஆறாம் எண் கட்டில்
முன்பு ஜெனொவேவாவின் அடுப்பு இருந்த இடம்.
மழைநாளில் லேசாக மத்தி மீன் வாடை வரும்.
புகார் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.
பசிக்கிறது என்று எழுதிய ஒருவரும் இருக்கிறார்.

குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை.
இருபத்திரண்டு யூரோவுக்கு
உங்களுக்கு வேறெங்கே படுக்கை கிடைக்கும்,
எனக்கு வேறெங்கே இந்த வயதில் வேலை?
ஒன்றே ஒன்று:
பதினொரு மணிக்கு மேல் பெட்டியை இழுக்காதீர்கள்,
இப்போது இழுத்து வந்தீர்களே, அப்படி.
தூக்கிக்கொண்டு வாருங்கள்.
எதிர்வீட்டில் இன்னும் ஒருவர் குடியிருக்கிறார்.
மூன்று மணிக்கு எழுந்து ரொட்டி சுடப் போக வேண்டும்.

துண்டுக்குத் தனிக் காசு.
வைஃபை கடவுச்சொல் சுவரில் இருக்கிறது,
கடைசியில் இருப்பது பூஜ்யமில்லை,
ஓ என்ற எழுத்து.